உன் இஷ்டம்

வாரியலைக் காணவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கும், எத்தனை வாடகை வீடு மாறினாலும் அதற்கு அந்த இடம்தான், கையை அறுக்காமல் இருக்கப் பிடியில் அம்மா பழைய பச்சைச் சேலைக்கரையைக் கிழித்துச் சுற்றியிருப்பாள். இப்போது கதவுக்குப் பின்னால் சுவரில் அது சாய்ந்து சாய்ந்து உண்டாக்கிய பழுப்புத் தடம் மட்டும் இருக்கிறது. போகட்டும், விளக்கு வைப்பதற்குள் பெருக்கினால் போதும், விளக்கு வைத்த பிறகு பெருக்கினால்தான் அம்மாவுக்கு ஆகாது, இன்னும் வெயில் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. அதுவரை குப்பை சேரட்டும். கூடம் முழுக்க நான் இறைத்துப் போட்டிருக்கிறேன், குளிருக்கென்று வாங்கிய சாக்ஸின் அட்டை, ஸ்வெட்டரிலிருந்து கத்தரித்த விலைச்சீட்டு, பாலிதீன் உறைகள், பழுப்பு டேப்பின் முறுக்கிக்கொண்ட துண்டுகள், நூல், நூல், எங்கிருந்துதான் இவ்வளவு நூல் வருகிறதோ. காலையில் அம்மா பெருக்கித் துடைத்த தரை இது. ஒரு அரிசிமணி கிடந்தால் தாண்டிப் போகமாட்டாள், அப்படிப்பட்டவள் அடுத்த அறையில் வெறுந்தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்கினால் வாய் லேசாகத் திறந்து ஒரு சின்ன விசில் வரும், அது வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது கூடத்தைப் பார்த்தாள், குப்பையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இது வீடா மாட்டுத்தொழுவமாட்டி என்று கேட்டிருக்கலாம், மற்ற நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். விடியுமுன் கார் வந்துவிடும், திருவனந்தபுரம் போய் விமானம், பிறகு இன்னொரு விமானம், பிறகு பிரிஸ்பேன் என்று ஒரு ஊர், அங்கிருந்து ஒரு பஸ், இறங்குகிற இடத்தில் என்னைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதற்குள் அவள் என்னை ஒருதடவையாவது திட்டிவிட்டால் நன்றாக இருக்கும்.

உன் இஷ்டம். கொஞ்ச நாளாக அம்மா என்னிடம் பேசுகிற பேச்சே அதுதான். விசாவுக்குப் போட்டிருக்கிறேன் என்றதற்கு உன் இஷ்டம். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டர் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டேன் என்றதற்கு உன் இஷ்டம். பெட்டி ஊதா நிறத்தில் வாங்கட்டுமா கறுப்பிலா என்றதற்குக்கூட, பாவி, உன் இஷ்டம். குலுக்கலில் பேர் விழுந்துவிட்டது என்ற அன்று மட்டும் கொஞ்சம் பேசினாள். ஆஸ்திரேலியாக்காரன் வருஷத்துக்கு இத்தனை பேர் என்று நம் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுக்கிறான், ஒரு வருஷம் அங்கே இருக்கலாம், ஊர் சுற்றலாம், சுற்றுகிற செலவுக்குக் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம், முப்பது தாண்டிவிட்டால் கேட்கவே முடியாது, எனக்கு இதுதான் கடைசி வருஷம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். “அப்ப நீ வேலைக்குப் போறியா, லீவுக்குப் போறியா?” என்றாள். “ரெண்டுக்கும்தாம்மா.” “ரெண்டும் சேந்து எப்படிட்டி? லீவுல வேல பாத்தா அது என்ன லீவு?” ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பழம் பறிப்பேன், பறித்ததை டப்பாவில் அடைப்பேன், பிறகு ஏதாவது காபிக் கடையில் நிற்பேன் என்று சொன்னேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “இங்க ஏசிக்குள்ள உக்காந்து வேல பாக்குத. அங்க போயி வெயில்ல பழம் பறிக்கப் போற.” சண்டை வரப்போகிறது என்று நான் கச்சை கட்டிக்கொண்டு நின்றேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது, ஆனால் அவள் என்ன நினைத்தாளோ, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு, “சரி, உன் இஷ்டம்” என்று துணியைப் பிழிந்து போட்டுவிட்டாள். அங்கேதான் எனக்குச் சிக்குகிறது. அங்கிருந்து நான் நகரவே இல்லை. சங்கரன்கோவில் மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன சாயங்காலம் ஆத்திரத்தில் போட்ட விசா இது. கேசரியை வாயில் வைத்துக்கொண்டே மாப்பிள்ளையின் பெரியப்பா, பொண்ணுக்கு அம்மா மட்டும்தானே, நாளைக்கு அந்தம்மாவும் நம்ம வீட்டோட வந்து சேர்ந்துக்கும் என்று சொன்னார், அம்மா கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை. உங்கள் வீடும் வேண்டாம், உங்கள் மாப்பிள்ளையும் வேண்டாம், எங்கேயாவது போய்த் தொலைகிறேன் என்று அன்றைக்கே உட்கார்ந்து போட்டேன். கடைசியில் அந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போவது யார் என்று பார்த்தால் நான்தான். ஒரே ஒரு தடவை போகாதே என்று சொல்லட்டும், பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பீரோவில் திரும்ப அடுக்கிவிடுவேன், சத்தியமாக. இதை அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால், அப்படியா, உன் இஷ்டம் என்பாள்.

பெட்டியின் ஜிப் பாதியில் நிற்கிறது. மேலே ஏறி உட்கார்ந்தால் மூடும், உட்கார்ந்தேன், மூடவில்லை, இறங்கினேன், ஒரு சுடிதாரை எடுத்து வெளியே போட்டேன், அது போன வருஷ தீபாவளிக்கு அம்மா எடுத்துக்கொடுத்தது, திரும்ப உள்ளே வைத்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தேன். அப்பாவின் பெட்டிக்கு ஜிப் கிடையாது. பழுப்பு ரெக்சின், குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு, மேலே பெயிண்டில் பேரும் மஸ்கட் என்றும் எழுதியிருந்தது, எழுதியது அப்பாவே. ஏசி மெக்கானிக். நான் இரண்டாம் வகுப்பு. வாடகை அம்பாசடர் வாசலில் நிற்க, தெருவே வந்து எட்டிப்பார்த்தது, எல்லோருக்கும் அம்மா காபி ஆற்றிக் கொடுத்தாள், வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், அம்மா அழவில்லை. காருக்குப் பக்கத்தில் போய் ஜன்னலில் குனிந்து அப்பாவிடம் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள், எனக்குக் கேட்கவில்லை, எனக்கு ஆரன் அடிக்கத் தருவார்களா என்பதுதான் கவலை. கார் கிளம்பியது. தெருமுக்கில் திரும்பியதா இல்லையா, அம்மா விடுவிடுவென்று உள்ளே வந்தாள். கூடத்தில் மாலையிலிருந்து உதிர்ந்த பூ, வாழைப்பழத் தோல், பிஸ்கட் தூள், எத்தனையோ பேருடைய காலடி மண். வாரியலை எடுத்தாள். மூலையிலிருந்து மூலைக்கு, கட்டிலுக்கு அடியில், படியில், முற்றத்தில், நிறுத்தாமல் பெருக்கினாள். அம்மா அழமாட்டாள், பெருக்குவாள், இது எனக்கு இப்போது தெரியும், அப்போது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் ஊருக்குப் போன வீட்டை உடனே பெருக்கக் கூடாது. செத்தவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அப்படிப் பெருக்குவார்கள். அப்பாவின் தங்கை செண்பகம் அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள், ஐயோ மதினி என்று ஒரு சத்தம் போட்டாள், அம்மா நிமிர்ந்தாள், கையில் வாரியல், அந்த முகம். வருஷம் திரும்பவில்லை, மாரடைப்பு என்று மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. முப்பத்தாறு வயது, பீடி சிகரெட் கிடையாது, ஒரு நோய் நொடி கிடையாது. எப்படி, எதனால் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, செண்பகம் அத்தைக்குத் தெரிந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வண்டியில் நீளமாக ஒரு பெட்டி வந்து இறங்கியது, மேலே இங்கிலீஷில் என்னென்னமோ அடித்திருந்தது. அப்பா டிவி அனுப்பியிருக்கிறார் என்று நான் குதித்தேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள்.

போன் அடிக்கிறது. கையெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது, விரல் நுனியால் அமுக்கினேன், ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. செண்பகம் அத்தைதான், நினைத்ததும் கூப்பிடுகிறாள், அவளுக்கு ஆயுசு நூறு. “ஏட்டி காந்தி, எல்லாம் எடுத்து வச்சிட்டியா? வண்டிக்குச் சொல்லிட்டியா? பிளைட்டுல தனியாவாட்டி போற? பக்கத்துல எவனும் பேச்சுக் குடுத்தா வாயத் தொறக்காத.” சரி என்றேன். காந்திமதி என்ற முழுப்பேரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை, வேலை தருவதாகச் சொன்ன அந்தப் பழத்தோட்டத்துக்காரியும் வீடியோ காலில் காந்தி என்றுதான் கூப்பிட்டாள், நீ அந்தக் காந்திக்குச் சொந்தமா என்று ஆசையோடு கேட்டாள், இல்லை, நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மனுக்குச் சொந்தம் என்று சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. “உங்கம்ம எங்க?” என்றாள் அத்தை. “படுத்திருக்கா.” “நல்லதாப் போச்சு. நான் சொன்னா அவளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், நீயே சொல்லிரு. நாளைக்காவது வண்டி தெருமுக்கு தாண்டுததுக்கு முன்னால வாரியலத் தூக்காம இருக்கச் சொல்லு. கையக் கட்டிக்கிட்டு ஒரு மூலையில உக்காரச் சொல்லு. எங்கண்ணன வாரிக் குடுத்தது போதும்.” ஸ்பீக்கரை அணைக்கப் பார்க்கிறேன், டேப் ஒட்டிய விரலுக்குத் திரை அசையமாட்டேன் என்கிறது, பாவாடையில் தேய்க்கிறேன், திரும்ப அமுக்குகிறேன், அதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அடுத்த அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அம்மா எழுந்து வருவாள், போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்பாள் என்று பார்த்தேன். வரவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதையே பேசுகிறாயே, உனக்கு வாய் வலிக்கவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் பக்கம் நின்று பேச நான் ஒருத்திதான் இருக்கிறேன், நாளைக்கு நானும் இருக்கமாட்டேன், இன்றைக்காவது கேட்டிருக்கலாம். நான் சொன்னது, “சரி அத்தை.” அவ்வளவுதான், வைத்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் எப்படி. போய்ப் பக்கத்தில் உட்காரலாமா? உட்கார்ந்து என்ன சொல்ல? அத்தை கிடக்கிறாள் விடு என்றா? அதை நம்புகிறவள் அத்தை இல்லை, அம்மாதான், அதுதான் விஷயம். வாயில் வந்ததைப் பேசிவிட்டு அத்தை மறந்துவிடுவாள், அம்மா ஒவ்வொரு நாளும் அந்த வாரியலைக் கையில் எடுத்துப் பெருக்கிக்கொண்டே அதை நம்புகிறாள். அதே வாரியல் இல்லைதான், எத்தனையோ தேய்ந்து எத்தனையோ வாங்கியாயிற்று, பச்சைக் கரை மட்டும் மாறவில்லை, அப்பா எடுத்துக்கொடுத்த சேலையின் கரை. நான் பத்தாவதில் கணக்கில் பெயிலானபோது பெருக்கினாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது டாக்டர் குனியவே கூடாது என்றிருந்தார், மறுவாரம் நின்றபடியே பெருக்கினாள். சங்கரன்கோவில்காரர்கள் எழுந்து போனதும் பெருக்கினாள், கேசரித் தட்டை எடுப்பதற்கு முன்னால். நான் போன பிறகு என்ன செய்வாள்? கார் திரும்பும், உள்ளே வருவாள், இந்தக் கூடம், நான் இல்லாத கூடம். அதற்குமேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் நினைப்பு நம் பேச்சைக் கேட்கிறதா என்ன. பிரிஸ்பேனிலிருந்து ஒரு போன். யாரோ ஒரு வெள்ளைக்காரி, காந்தி என்று தொடங்குகிறாள். அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது, புரியாமலேயே புரிந்துவிடும். எனக்கு அங்கே பாம்பு கடிக்கலாம், அடுக்குக் கட்டிலிலிருந்து விழலாம், ஒன்றும் இல்லாமல் சும்மா நெஞ்சு நின்றுபோகலாம், அப்பாவின் ரத்தம்தானே. செத்தால் நான் செத்துவிட்டுப் போகிறேன், ஆனால் இரண்டாவது தடவையும் வாரியலோடு நிமிர்ந்து பார்க்கும் அந்த முகம், அதை யார் பார்ப்பது. இவ்வளவு பயமாக இருக்கிறது, இருந்தும் அந்தத் தோட்டத்தில் காலையில் பனி விழுமாம், பாத்தி பாத்தியாகச் சிவப்பு தெரியுமாம், யாரும் என்னை உனக்கு எப்போ கல்யாணம் என்று கேட்கமாட்டார்களாம், அதை நினைத்தால் உள்ளே ஒன்று துள்ளுகிறது, துள்ளுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. வெயில் இறங்கிவிட்டது. எழுந்து திரும்ப வாரியலைத் தேடினேன். குளியலறை, மாடிப்படிக்கு அடியில், கொல்லைக் கதவு. இல்லை. ஒளித்துவைத்துவிட்டாள் என்று சுருக்கென்று கோபம் வந்தது, நான் போட்ட குப்பையை நானே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று தண்டனையா இது, திட்டுவதற்குப் பதிலா? கேட்டால் சொல்லமாட்டாள். ரோஸ்லின் டீச்சரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போனேன்.

டீச்சர் மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள், ரிட்டயர் ஆகி வெகுநாளாயிற்று, இன்னும் யார் படியேறினாலும் செருப்பைச் சரியாக விடச் சொல்வாள். “வாம்மா காந்தி, சொல்லிட்டுப் போக வந்தியா?” என்றாள். பெருக்க வாரியல் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் கதவுக்குப் பின்னால் பச்சைக் கரை தெரிந்தது. “டீச்சர், அது எங்க வாரியல்லா?” டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “காலைல வீட்டப் பெருக்கின கையோட உங்கம்மா கொண்டாந்து குடுத்துட்டுப் போனா. காந்தி போயி நல்லபடியா கால் ஊனுத வரைக்கும், எட்டு நாளைக்கு இங்கயே இருக்கட்டும்னா. நானே வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க டீச்சர், கெஞ்சினாலும் குடுத்துராதீங்கன்னா.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். “வீட்டுல கிடந்தா பழக்கத்துல எடுத்துருவேன், மனசு சரியில்லன்னா என் கை அதத்தான் தேடும்னு சொன்னா. எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கிடையாது, உனக்குத் தெரியும்லா. ஆனா அவ நின்ன நிலையப் பாத்து வாங்கி வச்சிக்கிட்டேன். பெருக்கணும்னா என் வாரியலக் கொண்டு போறியா?” வேண்டாம் டீச்சர் என்று எப்படியோ சொன்னேன். அவள் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள், கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள் அம்மா விடியற்காலையில் வாரியலைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியில் ஏறினாள். அத்தை போன் பண்ணுவதற்கு எவ்வளவோ முன்னால். நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

இறங்கி வந்தபோது அம்மா விளக்கு ஏற்றியிருந்தாள். கூடத்தில் குப்பை அப்படியே கிடந்தது, விளக்கு வெளிச்சத்தில் பாலிதீன் உறைகள் மினுங்கின. “எங்கட்டி போன?” என்றாள். “டீச்சர் வீட்டுக்கு.” என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் திரியைத் தூண்டினாள். இனி சமயம் கிடையாது என்று தோன்றியது, கேட்டுவிட்டேன். “போகாதன்னு ஒரு தடவ சொல்லேம்மா.” எண்ணெய்க் கையை அவள் எங்கே துடைப்பது என்று தெரியாதவளைப்போல அப்படியே வைத்திருந்தாள். “உங்கப்பாட்ட சொன்னேன்லா,” என்றாள். “கார்ல ஏறி உக்காந்த மனுசன்ட்ட, போகாதிய, போகாதியன்னு ஜன்னலப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னேன். கிளம்புத ஆள மறிச்சேன். போன பெறவு பெருக்கினேன். அன்னைக்கு வாயையும் சும்மா வைக்கல, கையையும் சும்மா வைக்கல.” பிறகு, “உனக்கு நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் தாயி. நல்லபடியா போயிட்டு வா,” என்றாள். மாதக்கணக்காக அவள் விழுங்கிய வார்த்தை அத்தனையும் இதுதானா. சண்டை போடமாட்டாளா, போடமாட்டாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அதைப் பல்லைக் கடித்து மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் திரும்பி வரவேண்டும் என்று. நான் அழுதேன், அவள் அழவில்லை. இனி நான் போகாமல் இருக்க முடியாது. அவள் வாரியலையே கொடுத்துவிட்டாள்.

தரையில் முழங்காலிட்டுக் குப்பையைக் கையால் பொறுக்கத் தொடங்கினேன். “விடுட்டி, கிடக்கட்டும்” என்றாள், நான் விடவில்லை. அட்டை, உறை, விலைச்சீட்டு, டேப், பிறகு நூல், ஒவ்வொரு நூலாக நகத்தால் கிள்ளி எடுத்தேன், பீரோவுக்கு அடியில், கட்டில் காலைச் சுற்றி, பெட்டியை நகர்த்தி அதற்கு அடியிலும். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன, அப்படி நான் பார்த்ததே இல்லை. எட்டு நாளைக்கு அவள் கண்ணில் ஒரு துரும்பு படக்கூடாது என்று தேடித் தேடிப் பொறுக்கினேன். எவ்வளவு பொறுக்கினாலும் நாளைக்கு வாசல் வழியாகத் தெருப்புழுதி வந்துவிடும், அதைப் பார்த்துக்கொண்டு அவள் இப்படியேதான் உட்கார்ந்திருப்பாள்.